நேரோ கேஜ் லோகோ ஷெட்களின் பழைய படங்களைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீராவி எஞ்சின்களின் பழைய புகைப்படங்களை எடுத்தவர்களில் பெரும்பாலோர் எஞ்சினைப் படமெடுக்கவே வந்தார்கள். அதன் பின்னால் நின்ற நிலக்கரிக் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் மணல் காயவைக்கும் கொட்டகையும் சாம்பல் குவியலும் தற்செயலாகப் படத்துக்குள் வந்து சேர்ந்தவை. எஞ்சின்களைப் பற்றித் தொழிற்சாலைகள் வரைபடங்களும் கோப்புகளும் விட்டுச் சென்றிருக்கின்றன. கொட்டகைகளோ ரயில்வேயின் சொந்தத் தச்சர்களால் கட்டப்பட்டு, தேவை வந்தபோதெல்லாம் வெட்டியும் ஒட்டியும் மாற்றப்பட்டு, பாதை மூடப்பட்டதும் விறகாகவும் பழைய இரும்பாகவும் மறைந்துவிட்டன. அவற்றைப் பற்றி அறிய விரும்புகிறவருக்குப் பல இடங்களில் அந்தத் தற்செயலான பின்னணிதான் முதன்மையான சான்று.

இந்தக் கட்டுரை, அந்தப் பின்னணியை முறையாகப் படிக்கத் தொடங்குகிறவருக்காக எழுதப்பட்டது. எடுத்துக்காட்டாக ஒரே இடத்தைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன்: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வட எல்லையருகே உள்ள சாமா என்ற சிற்றூர். டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வேயின் 3 அடி அகலமுள்ள நேரோ கேஜ் பாதை, அதாவது 914 மி.மீ. பாதை, கொலராடோவின் அலமோசாவிலிருந்து டுராங்கோவை நோக்கி நீண்டபோது 1880ஆம் ஆண்டின் இறுதியில் சாமாவை அடைந்தது. நம் நாட்டு மீட்டர் கேஜைவிடச் சற்றே குறுகலான அந்தப் பாதையில், சாமாவிலிருந்து 10,015 அடி உயரமுள்ள கும்ப்ரஸ் கணவாய்க்கு ஏறும் 14 மைல் தொலைவு நூற்றுக்கு நான்கு என்ற சரிவைக் கொண்டது. அந்த ஏற்றத்துக்காக ரயில்களுக்குத் துணை எஞ்சின்கள் சேர்க்கப்பட்டன. அந்தத் துணை எஞ்சின்களுக்காகவே சாமாவில் ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய பணிமனை வளாகம் தோன்றியது. படம் எதையும் பார்ப்பதற்கு முன்பே, ஓர் இடத்தில் பணிமனை ஏன் இருந்தது என்ற கேள்விக்கு இப்படி ஒரு விடை கையில் இருக்க வேண்டும்.

முதலில் வேலையின் வரிசையை அறிந்துகொள்ளுங்கள்

ஓட்டத்தை முடித்து வந்த நீராவி எஞ்சினுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளாமல் படத்தைப் பார்த்தால், தெரிவதெல்லாம் மரக்கட்டடங்களின் கூட்டமாகத்தான் இருக்கும். வந்த எஞ்சினின் நெருப்பைக் கிளறிச் சுத்தம் செய்து சாம்பலைக் கொட்ட வேண்டும். எஞ்சினின் பின்னால் நிலக்கரியையும் தண்ணீரையும் சுமக்கும் பெட்டியான டெண்டரில் நிலக்கரி நிரப்ப வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலைக் கொதிகலன் மேலுள்ள மணல் குடத்தில் நிரப்ப வேண்டும். எண்ணெய் போட வேண்டும். திசை திருப்ப வேண்டும். பழுது இருந்தால் கொட்டகைக்குள் விட வேண்டும். இடத்துக்கு இடம் வரிசை மாறலாம், ஆனால் வேலைகள் மாறுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் வளாகத்தில் ஒரு பொருளோ கட்டடமோ கட்டாயம் இருக்கும். எனவே படத்தில் தெரியும் ஒவ்வொன்றையும் பார்த்து "இது எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள். அதைவிடப் பயனுள்ள மறுகேள்வி ஒன்றும் உண்டு: "இந்த வேலைக்கான பொருள் படத்தில் எங்கே?" மணல் கொட்டகை தெரியவில்லை என்றால் அது படத்தின் விளிம்புக்கு அப்பால் இருக்கிறது, அல்லது எஞ்சினுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, அல்லது இன்னும் கட்டப்படவில்லை. இந்த மூன்றில் எது சரி என்று தேடும்போது ஆராய்ச்சி தானாகத் தொடங்கிவிடும்.

மணலைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது அதைத்தான். ஈர மணல் எஞ்சினின் மெல்லிய குழாய்களில் இறங்காது. ஆகவே மணலைக் கொட்டி வைக்கும் தொட்டி, அதைக் காயவைக்கும் இரும்பு அடுப்பு, காய்ந்ததை வைக்கும் இடம், அதை எஞ்சினின் உயரத்துக்கு ஏற்றும் வழி ஆகிய நான்கும் தேவை. தண்டவாளத்துக்கு அருகே, வீடாகவும் அலுவலகமாகவும் தோன்றாத சிறிய கட்டடம் ஒன்றில் புகைபோக்கி இருந்து, பக்கத்தில் பலகை அடைத்த திறந்த தொட்டியும் இருந்தால், அது மணல் கொட்டகையாக இருக்க வாய்ப்பு மிகுதி. மணலை வாளியில் சுமந்து ஏற்றிய காலமும் உண்டு. அழுத்தக் காற்றால் குழாய் வழியே மேலே தள்ளிய காலமும் உண்டு. கட்டடத்தின் மேல் உயர்ந்த பெட்டியும் அதிலிருந்து தொங்கும் குழாயும் தெரிந்தால் அது பிந்தைய முறை.

தண்ணீர்த் தொட்டியை அடையாளம் காண்பதில் சிரமமில்லை. டெண்டரின் வாயைவிட உயரத்தில் நின்றால்தான் தண்ணீர் தன் எடையாலேயே இறங்கும் என்பதால் அது எப்போதும் கால்களின் மேல் நிற்கும். தொட்டியை விட்டுவிட்டு அதன் அடியையும் குழாயையும் பாருங்கள். கடும் குளிர் உள்ள மலைப்பகுதிகளில், தொட்டிக்குக் கீழே குழாய்கள் உறையாமலிருக்க அடைப்பு கட்டப்பட்டிருக்கிறதா, அதில் அடுப்பின் புகைபோக்கி இருக்கிறதா, தண்ணீர் இறக்கும் குழாய் ஒன்றா இரண்டா என்பவை ஓரிடத்தின் தொட்டியை மற்றோரிடத்தின் தொட்டியிலிருந்து பிரித்துக் காட்டும். சாமாவின் தொட்டிக்கு இரண்டு குழாய்கள் உண்டு. இருபுறப் பாதைகளிலும் எஞ்சினை நிறுத்தித் தண்ணீர் பிடிக்கலாம். அடுத்தடுத்துப் பல எஞ்சின்கள் புறப்பட வேண்டிய இடத்தில் அது பெரும் வசதி, ஏனெனில் பிற்காலத்துப் பெரிய எஞ்சின் ஒவ்வொன்றின் டெண்டரும் குறைந்தது 5,000 கேலன், அதாவது ஏறத்தாழ 19,000 லிட்டர் தண்ணீர் கொள்ளும்.

ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அதன் காலவேலிகளை எழுதுங்கள்

பல இடங்களின் படங்களை ஒரே நேரத்தில் பார்ப்பது தொடக்கத்தில் குழப்பத்தையே தரும். ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கு எது எப்போது கட்டப்பட்டது, எப்போது மறைந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாமாவுக்கு என் தாளின் தொடக்கம் இப்படி இருக்கிறது: தண்ணீர்த் தொட்டி 1897, ஒன்பது எஞ்சின்கள் நிற்கக்கூடிய செங்கல் ரவுண்ட் ஹவுஸ் (வளைவாக அமைந்த எஞ்சின் கொட்டகை) 1899, உயரமான மர நிலக்கரிக் கோபுரம் 1924. ரவுண்ட் ஹவுஸில் இரண்டு அறைகளே இன்று எஞ்சியுள்ளன, எஞ்சினைத் திசை திருப்பும் சுழல்மேடையான டர்ன்டேபிள் இல்லை. பயணிகள் ரயில் 1951 ஜனவரியில் நின்றது. வழக்கமான சரக்கு ரயில்கள் 1968இல் நின்றன. கொலராடோவிலுள்ள ஆன்டனீட்டோவுக்கும் சாமாவுக்கும் இடைப்பட்ட 64 மைல் பாதையைக் கொலராடோவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்து 1970இல் வாங்கின. அன்றிலிருந்து அது கும்ப்ரஸ் அண்ட் டோல்டெக் என்ற பெயரில் சுற்றுலா ரயில் பாதையாக ஓடுகிறது.

இந்த ஆண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு வேலி. நிலக்கரிக் கோபுரம் நிற்க வேண்டிய இடத்தில் வெற்று வானம் தெரிந்தால் படம் 1924க்கு முந்தையது. கோபுரம் இருந்து, ரவுண்ட் ஹவுஸ் முழு அகலத்தோடும் தெரிந்தால் நடுக்காலத்தது. இப்படி இரண்டு வேலிகளுக்கு நடுவே படத்தை நிறுத்திவிட்டால், பிறகு அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் மிச்சமுள்ள வேலை.

படத்தையும் விளக்கத்தையும் பிரித்து வையுங்கள்

இந்தப் பகுதிப் படங்களைத் தேடுகிறவர் தொடங்க வேண்டிய இடம் டென்வர் பொது நூலகத்தின் மேற்கத்திய வரலாற்றுத் தொகுப்பு. டென்வரில் தபால்காரராகப் பணியாற்றிய ஆட்டோ பெர்ரி என்பவர் தம் வாழ்நாளெல்லாம் எடுத்த ரயில் படங்கள் ஆயிரக்கணக்கில் அங்குள்ளன. அவர் எஞ்சின் எண்ணையும் இடத்தையும் நாளையும் குறித்து வைத்த மனிதர் என்பதால் அவருடைய படங்கள் தேதி தெரியாத மற்ற படங்களுக்கு உரைகல்லாகப் பயன்படுகின்றன. கோல்டன் நகரிலுள்ள கொலராடோ ரயில் அருங்காட்சியகம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றின் தொகுப்புகளையும் அடுத்துப் பாருங்கள்.

எந்தப் படத்தைப் பெற்றாலும் கிடைப்பதில் மிகப் பெரிய கோப்பைப் பெறுங்கள். பின்புறமும் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பெறுங்கள். விளக்கத்தில் எழுதியுள்ளதை ஒரு பத்தியிலும், உங்கள் கண்ணால் படத்தில் கண்டதை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் 1880களில் கொலராடோவின் ரயில் பாதைகளைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். பிறகு 1897இல் டெட்ராய்ட் நகரின் புகைப்பட நிறுவனம் ஒன்றில் தம் தகடுகளோடு சேர்ந்தார். அந்நிறுவனம் பழைய தகடுகளிலிருந்தும் புதிதாக அச்சிட்டு விற்றது. ஆகவே 1900ஐ ஒட்டிய ஆண்டு பொறித்த அச்சுப் படம், அதற்குப் பல ஆண்டுகள் முன்பு நின்ற கட்டடங்களைக் காட்டக்கூடும். அச்சின் ஆண்டு வேறு, ஒளி விழுந்த ஆண்டு வேறு.

வண்ண அஞ்சலட்டைகளை இன்னும் எச்சரிக்கையோடு அணுகுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளிகளாக உடைந்தால் அது அச்சகத்தில் அச்சானது. அதன் நிறங்கள் ஓவியர் ஒருவரின் தேர்வு, சில நேரங்களில் வானமும் புகையும்கூட அவர் சேர்த்தவையே. புள்ளியில்லாமல் சாம்பல் நிறங்கள் தொடர்ந்து மாறினால் அது புகைப்படத் தாளிலேயே எடுத்த அட்டை, நல்ல சான்று. அட்டையின் பின்புறம் முகவரிக்கும் செய்திக்கும் இடையே கோடு பிரித்திருந்தால், அமெரிக்காவில் அந்த முறை அனுமதிக்கப்பட்ட 1907 மார்ச்சுக்குப் பிறகே அந்த அட்டை வந்திருக்கும்.

இடவலம் சரிதானா என்று பாருங்கள்

கண்ணாடித் தகடும் ஃபிலிமும் பக்கம் மாற்றி வைத்து, இடவலம் மாறி அச்சிடப்படுவது வழக்கமாக நடக்கும் பிழை. எழுத்தோ எண்ணோ படத்தில் தெரிந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். தெரியாவிட்டால் ஓட்டுநரைத் தேடுங்கள்: அமெரிக்க எஞ்சின்களில் ஓட்டுநர் வலப்புறமும் நெருப்பு போடுபவர் இடப்புறமும் அமர்வார்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டு வளாகத்தின் வரைபடம் வரையத் தொடங்கினால் பாதைகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் போய் விழும்.

எஞ்சினை மறைத்துவிட்டுப் பாருங்கள்

இந்த முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். படத்தில் எஞ்சின் இருக்கும் இடத்தை ஒரு தாளாலோ திரையில் ஒரு கறுப்புக் கட்டத்தாலோ மறைத்துவிடுங்கள். எஞ்சின் மறைந்த பிறகுதான் கண் மற்ற இடங்களில் தங்கத் தொடங்கும். பிறகு படத்தின் நான்கு விளிம்புகளிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். படமெடுத்தவர் கவனிக்காத விளிம்புகளில்தான் கருவிக் கொட்டகைகளும் எண்ணெய் அறைகளும் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். எண்ணெய் அறை பெரும்பாலும் மற்றக் கட்டடங்களிலிருந்து விலகி, தீப்பிடிக்காத கல்லிலோ செங்கல்லிலோ கட்டப்பட்டிருக்கும். மரக் கட்டடங்களின் நடுவே தனியாக நிற்கும் சின்னஞ்சிறு செங்கல் அறையைக் கண்டால் அதை முதலில் நினையுங்கள்.

அடுத்து தரையைப் பாருங்கள். பணிமனைத் தரை, அங்கே நாள்தோறும் நடந்த வேலையை அப்படியே ஏந்தியிருக்கும். கட்டடம் பொய்யான தோற்றம் தரலாம். பழைய அறைக்குப் புது வேலை கொடுத்திருக்கலாம். தரையில் கொட்டியது மாறாது. தண்டவாளங்களுக்கு நடுவே வெளிறிய மேடுகள் சாம்பல். பக்கத்தில் ஈரம் படிந்த கறுமையும் ரப்பர்க் குழாயும் கிடந்தால் அங்கே சாம்பலைத் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறார்கள். பளபளக்கும் கறுப்புத் துணுக்குகள் நிலக்கரி ஏற்றும் இடத்தைக் காட்டும். ஒரே இடத்தில் ஸ்லீப்பர் கட்டைகள் மட்டும் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தால் அங்கே எஞ்சின்கள் நெடுநேரம் நின்றிருக்கின்றன. துருவேறி மங்கிய தண்டவாளத்துக்கும் சக்கரம் ஓடிப் பளிச்சிடும் தண்டவாளத்துக்கும் உள்ள வேறுபாடு, வளாகத்தில் எந்தப் பாதை உயிரோடு இருந்தது என்று சொல்லும்.

சாம்பல் குழி பற்றிச் சட்டம் தரும் தேதியும் ஒன்று உண்டு. எஞ்சினுக்கு அடியில் மனிதர் நுழையாமலேயே சாம்பல் தட்டைக் காலிசெய்யும் அமைப்பு இருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு 1908இல் சட்டம் இயற்றியது. அது 1910 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு எத்தனையோ தொழிலாளர்கள் சூடான தட்டுக்குக் கீழே படுத்துக் கம்பியால் சுரண்டினார்கள், அதில் காயமடைந்தார்கள். பழைய படம் ஒன்றில் எஞ்சினின் அடியில் கால்கள் நீண்டு தெரிந்தால் அதை வேடிக்கையான காட்சியாகக் கடந்து போகாதீர்கள்.

கூரையையும் எண்ணுங்கள். ரவுண்ட் ஹவுஸில் எஞ்சின் நிற்கும் ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு புகைபோக்கி இருக்கும்; கதவுகள் தெரியாத கோணத்திலும் புகைபோக்கிகளை எண்ணி அறைகளின் எண்ணிக்கையை அறியலாம். கூரையின் ஒரு பகுதி மட்டும் வேறு உயரத்திலோ வேறு நிறத்திலோ இருந்தால் அது பின்னர் சேர்த்தது, அல்லது தீக்குப் பின் மறுபடி கட்டியது. கொலராடோவின் கோமோவில் கல்லால் கட்டிய ஆறு அறைகள் மட்டும் இன்று நிற்பதற்கும், அதோடு ஒட்டியிருந்த மர அறைகள் இல்லாமல் போனதற்கும் கட்டுமானப் பொருளின் வேறுபாடே காரணம். டுராங்கோவின் ரவுண்ட் ஹவுஸ் 1989 பிப்ரவரியில் எரிந்து மறுபடி கட்டப்பட்டது. அங்கே எடுத்த படங்களைத் தேதியிடுகிறவர் முதலில் கூரையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது எஞ்சினைத் திறந்து தேதியைக் கேளுங்கள்

மறைத்த எஞ்சினை இப்போது திறக்கலாம், ஏனெனில் தேதி சொல்வதில் அதற்கு நிகரில்லை. ரியோ கிராண்டின் குறுகிய பாதையில் ஓடிய பெரிய எஞ்சின்கள் நான்கு வகை: பால்ட்வின் நிறுவனம் 1903இல் செய்த கே-27, 1923இல் அமெரிக்கன் லோகோமோட்டிவ் நிறுவனம் செய்த கே-28, 1925இல் மீண்டும் பால்ட்வின் செய்த கே-36, ரயில்வேயின் சொந்த டென்வர் பணிமனையில் 4 அடி 8½ அங்குல ஸ்டாண்டர்ட் கேஜ் எஞ்சின்களைப் பிரித்து 1928லும் 1930லும் உருவாக்கிய கே-37. எண்கள் முறையே 450 முதல் 464 வரை, 470 முதல் 479 வரை, 480 முதல் 489 வரை, 490 முதல் 499 வரை. வகையின் எண் அதன் இழுவிசையை ஆயிரம் பவுண்டுகளில் குறிக்கும். இந்தப் பெயர்முறை 1920களில்தான் வந்தது. அதற்கு முன் எடையால் வகைப்படுத்தியதால் பிற்காலத்துக் கே-27 பழைய குறிப்புகளில் 125ஆம் வகுப்பு என்று இருக்கும். இரண்டு வெவ்வேறு எஞ்சின்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

எண்ணைப் படிக்க முடிந்தால் மேலும் இறுக்கமான வேலி கிடைக்கும். கே-28 எஞ்சின்கள் பத்தில் ஏழை 1942இல் அமெரிக்க ராணுவம் எடுத்து அலாஸ்கா பக்கத்துப் பாதைக்கு அனுப்பியது. 473, 476, 478 மட்டுமே இங்கே தங்கின. எனவே 475 நிற்கும் படம் 1923க்கும் 1942க்கும் இடைப்பட்டது. 485 சலைடா நகரின் டர்ன்டேபிள் குழிக்குள் 1953இல் விழுந்து, பின்னர் உடைக்கப்பட்டது. அது சாமாவில் நிற்குமானால் 1925க்கும் 1953க்கும் நடுவே. கே-27 எஞ்சினில் சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருபுறமும் தெரிந்தால், நீராவியை இருமுறை பயன்படுத்தும் தொடக்க ஆண்டுகளின் கூட்டு அமைப்பு இன்னும் மாற்றப்படவில்லை என்று பொருள்.

எண் தெரியாவிட்டால் துணைச் சான்றுகள் உதவும். 1893இல் இயற்றி 1900இல் முழுமையாக வலுப்பெற்ற பாதுகாப்புச் சட்டத்தால், கையால் ஊசி செருகும் பழைய கப்ளிங்குகள் தாமாகப் பூட்டும் கப்ளிங்குகளுக்கு இடம் கொடுத்தன. பெட்டி போன்ற எண்ணெய் விளக்கு பழையது. உருண்டையான மின்விளக்கும் கொதிகலன் மேல் சிறு மின்னாக்கியும் 1910களின் பிற்பகுதியிலிருந்து பரவின. ரயில்வேயின் பெயரோடு வெஸ்டர்ன் என்ற சொல் சேர்ந்து எழுத்துகள் மாறியது 1921இல். டெண்டரில் சாய்ந்து பறப்பது போன்ற ரியோ கிராண்ட் எழுத்துகள் 1930களின் இறுதியிலிருந்து வந்தவை. பழைய பொருள் புதிய காலத்திலும் தொடர்ந்து நிற்கும். புதிய பொருள் பழைய காலத்தில் நிற்க முடியாது. எனவே படத்திலுள்ளவற்றில் மிகப் புதியது எதுவோ அதையே கீழ் எல்லையாகக் கொள்ளுங்கள்.

நிழலும் நிறமும்

சாமா வடக்கே ஏறத்தாழ 37 பாகையில் இருக்கிறது. கோடையில் சூரியன் தலைக்கு வடக்கே சாய்வதைக் கண்டு பழகிய நமக்கு இது புதிது: அங்கே நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கு நோக்கியே விழும். ஜூன் நண்பகலில் நிழலின் நீளம் பொருளின் உயரத்தில் கால் பங்குக்கும் குறைவு. டிசம்பர் நண்பகலில் ஒன்றே முக்கால் மடங்கு. பாதையின் திசை தெரிந்தால், நிழலைக் கொண்டு படமெடுத்தவர் எந்தப் பக்கம் நின்றார், ஏறத்தாழ எந்தப் பருவம் என்று ஊகிக்கலாம்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தொடக்கக்காலத் தகடுகள் நீலத்தை மிகுதியாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் பதிந்தன. அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும், செந்நிறப் பெட்டிகளும் செங்கல் சுவரும் உள்ளதைவிடக் கறுத்தும் தோன்றும். கறுப்பாகத் தெரிவதால் கறுப்புச் சாயம் என்று எழுதிவிட வேண்டாம்.

அளவெடுத்தல்

இந்தக் கட்டடங்களின் சிறிய மாதிரி செய்கிறவர்களுக்கு இதுவே முக்கியம். உயரமோ நீளமோ அறிந்த ஒரு பொருள் அளவிட வேண்டிய கட்டடத்தோடு ஒரே தொலைவில் நிற்க வேண்டும் என்பது அடிப்படை. ரியோ கிராண்டின் 3000 வரிசை மூடிய சரக்குப் பெட்டிகள் 1904இல் செய்யப்பட்டவை, 30 அடி நீளமுள்ளவை, எல்லா வளாகங்களிலும் நிற்பவை. அப்படி ஒரு பெட்டி கொட்டகையை ஒட்டி, கேமராவுக்கு நேர் பக்கவாட்டில் நின்று, திரையில் 600 புள்ளிகள் (பிக்சல்) நீளம் இருந்தால் ஓர் அடிக்கு 20 புள்ளிகள். அதே தளத்திலுள்ள சுவர் 360 புள்ளிகள் என்றால் 18 அடி. சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் கிடைநீளம் சுருங்கும் என்பதால் உயரங்களை மட்டும் நம்புங்கள்.

எஞ்சின் சக்கரத்தை அளவுகோலாகக் கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். கே-36இன் இயக்கு சக்கரம் 44 அங்குலம் என்பது உண்மை. ஆனால் இந்த எஞ்சின்களில் சட்டகம் சக்கரங்களுக்கு வெளியே இருக்கிறது. வெளியே சுழல்வதாகத் தெரிவது சமன் எடையும் இணைப்புத் தண்டுமே. அவற்றைச் சக்கரம் என்று கொண்டு அளந்தால் கட்டடம் முழுவதும் தவறான அளவில் அமைந்துவிடும்.

படத்தின் அளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் டுராங்கோ, அலமோசா போன்ற ஊர்களுக்கு உண்டு. பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் வரைந்தவை. மஞ்சள் நிறம் மரக்கட்டடம், இளஞ்சிவப்பு செங்கல், நீலம் கல். 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில் நிறுவனங்களின் சொத்துகளை அரசு மதிப்பிட்டபோது எழுதிய பட்டியல்களும் வரைபடங்களும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படத்தில் பெயர் தெரியாமல் நின்ற கொட்டகைக்கு அங்கே பெயர் கிடைக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்காகவே இந்த உழைப்பு முழுவதையும் செய்யலாம் என்பது என் எண்ணம்.

சொந்தமாக அளவெடுக்கப் பழகுகிறவர், சாமாவுக்கு முன் பென்சில்வேனியாவின் ராக்ஹில் ஃபர்னஸ் பணிமனையின் படங்களில் பயிற்சி செய்வது நல்லது. ஈஸ்ட் பிராட் டாப் என்ற 3 அடிப் பாதையின் அந்த வளாகம், நிலக்கரி ஓட்டம் 1956இல் நின்ற பிறகும் உடைக்கப்படாமல், எட்டு அறை ரவுண்ட் ஹவுஸோடும் டர்ன்டேபிளோடும் இன்றும் நிற்கிறது. அதன் ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத்திலுள்ள அமெரிக்கப் பொறியியல் வரலாற்றுத் தொகுப்பில் இருக்கின்றன. பழைய படம் ஒன்றிலிருந்து நீங்கள் கணித்த சுவரின் உயரத்தையும் உண்மையான உயரத்தையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவையும் கூட்டல் கழித்தல் வரம்பாகச் சாமாவின் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.